ஒரே கம்பி

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்துக்குத் தமிழில் பேச்சுவழக்கில் ஒரு சொல் இல்லை. அகராதி போடுகிறவர்கள் 'துளையளவு' என்று எதையாவது வைத்திருக்கலாம். வாயில் வருவது 'போர்'தான். பன்னெண்டு போர், நானூத்திப் பத்து போர். கிணறு வற்றினால் போடுவதும் போர், வைக்கோலை அடுக்கினாலும் போர், கூட்டத்தில் தலைவர் பேசினாலும் போர், யுத்தமும் போர். இத்தனை போர்களுக்கு நடுவே இரும்புக் குழாயில் உள்ள ஓட்டைக்கும் இந்தப் பெயரே வந்து சேர்ந்தது ஒரு விதத்தில் நியாயம் என்றுதான் படுகிறது. 'காலிபர்' என்று சொல்கிறவர்கள் படித்தவர்கள். நம்மில் அந்தச் சொல்லை ஒரு கவிஞனின் தரத்தைக் குறிக்கவும் பயன்படுத்துகிறோம் - 'அவன் காலிபர் வேறே' என்று. குழல் எவ்வளவு அகலம் என்பதற்கும் அதன் வழியே என்ன போகிறது என்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது யாருக்கும் உறைப்பதில்லை.

துளையை வைத்து அளப்பது தூத்துக்குடிக்காரனுக்குப் புதிதில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலித்தார்கள். ஒரே அளவுள்ள பத்துக் கிண்ணங்கள். முதல் கிண்ணத்தின் அடியில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும், துளை சிறுக்கச் சிறுக்க முத்தும் சிறுக்கும். இருபதில் தங்குவது செல்வம், ஆயிரத்தில் ஒழுகுவது தூள். பன்னிரண்டு போர் என்பதும் இதே தினுசுக் கணக்குத்தான். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாகப் பிடித்தால் அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக இறங்குமோ அது 12 போர். ஆகவே 16 போர் அதைவிடச் சிறியது, 20 இன்னும் சிறியது. 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது அங்குலத்தின் ஆயிரத்தில் 410 பங்கு. 303ம் அப்படியே. 7.62 என்பது மில்லிமீட்டர். எண்ணிக்கை, அங்குலம், மில்லிமீட்டர் என்று மூன்று பாஷைகளில் ஓட்டைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பாஷையில் எண் கூடினால் ஓட்டை பெரிது, இன்னொரு பாஷையில் சிறிது. இதைக் கவனிக்காமல் கடைக்குப் போனால் தவறான கம்பியோடுதான் திரும்ப வேண்டும்.

கம்பி என்று நான் சொல்வது குழலைத் துடைக்கிற கம்பி. அதைப் பற்றிய பேச்சு வந்த காரணம் சாதாரணமானது. அக்கா மகள் ஒருத்தி துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறாள். 10 மீட்டர் தூரத்துக்கு .177 ஏர் ரைஃபிள், 50 மீட்டருக்கு.22. 'மாமா, ரெண்டுக்கும் சேத்து ஒரே கம்பியா வாங்கிட்டா என்ன?' என்று கேட்டாள். எல்லாப் போருக்கும் ஆகும் என்று அட்டைப் பெட்டியில் போட்டு ஒரு சாமான் விற்கிறார்கள்: மரையால் முடுக்கிக்கொள்ளக்கூடிய மூன்று துண்டுக் கம்பி, சின்னதும் பெரிதுமாக அரை டஜன் பிரஷ்கள், ஒரு பிளாஸ்டிக் பிடி. 'கூடாது' என்றேன். ஏன் கூடாது என்று அவளுக்குச் சொல்ல வேண்டிய அளவுக்குச் சொன்னேன். சொல்ல வேண்டாதது கொஞ்சம் மிஞ்சிவிட்டது. அதை இங்கே எழுதுகிறேன். துப்பாக்கியில் ஈடுபாடில்லாதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாப்பில் ஈடுபாடில்லாதவர்கள் யாப்புக் கட்டுரைகளைப் பொறுத்துக்கொள்வதைவிட இது கஷ்டமாக இருக்காது.

எனக்கு இந்த விஷயத்தில் உள்ள பரிச்சயம் 1970களின் பின்பாதியில் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் என்.சி.சி.யில் மூன்று வருஷம் இருந்ததால் வந்தது. துப்பாக்கிகள் வைத்திருக்கும் அறைக்குக் 'கோத்' என்று பெயர். வடக்கத்திக்காரரான ஹவில்தார் ஒருவர் பொறுப்பு. எங்களுக்குத் தரப்பட்டவை இரண்டு வகை: .303 லீ-என்ஃபீல்டு, பிறகு .22. இந்த .22ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது தனியாகப் பிறந்த துப்பாக்கி இல்லை. லீ-என்ஃபீல்டின் அதே மரக்கட்டை, அதே போல்ட், அதே கனம், அதே முன்குறி. குழலின் உள் ஓட்டை மட்டும்.22. பயிற்சிக்கு விலைகுறைந்த தோட்டா போதும், ஆனால் கை பழக வேண்டியது நிஜத் துப்பாக்கிக்கு என்பதற்காக வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு. தூரத்தில் சாத்தி வைத்திருந்தால் எது எது என்று தெரியாது. வாய்ப்பக்கம் வந்து குனிந்து பார்த்தால்தான் தெரியும் - குனிந்து பார்ப்பது குற்றம் என்பது வேறு விஷயம்.

.303ஐத் துடைக்கக் கம்பி தரமாட்டார்கள். 'ஃபுல்த்ரூ'தான். ஒரு முழக் கயிற்றுக்கு மேலான நீளம், ஒரு முனையில் பென்சில் போன்ற பித்தளைக் குண்டு, மறுமுனையில் கண்ணி. துப்பாக்கிக் கட்டையின் அடியில் ஒரு சின்னப் பித்தளைக் கதவு உண்டு. அதைத் திறந்தால் உள்ளே எண்ணெய்க் குப்பியும் இந்தக் கயிறும் சுருண்டு கிடக்கும். நாலங்குலத்துக்கு இரண்டங்குலம் ஃபிளானல் துணித்துண்டைக் கண்ணியில் மாட்ட வேண்டும். அந்தத் துணிக்குச் 'சிந்தி' என்று பெயர்; எங்களில் பலர் அதைத் தமிழ்ச் சொல் என்றே நம்பினோம். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகக் குண்டைக் கீழே விட்டால் வாய் வழியே வந்து தொங்கும். பிடித்து ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் துணி மாட்டிக்கொள்ளும், பிறகு ஆர்மரர்தான் வரவேண்டும். நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறு குழல் வாயின் ஒரே இடத்தில் உரசி உரசி நாளாவட்டத்தில் இரும்பில் ஒரு பள்ளம் விழும். கயிறு இரும்பைத் தின்னும் என்று ஹவில்தார் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். எங்கள் ஊர்க் கிணற்றடிகளில் கல்லில் கயிற்றுத் தடம் விழுந்திருப்பதைத் தினம் பார்க்கிறவர்கள்தாம் நாங்கள்.

.22க்கு அந்தக் கயிற்றுக் குண்டு இறங்காது. அதற்குத்தான் கம்பி. கோத்தில் ஒரே ஒரு கம்பி இருந்தது, சுவரில் இரண்டு ஆணிகளில் படுக்கை வாட்டமாக மாட்டப்பட்டு. நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும் என்று ஹவில்தார் அப்படி வைத்திருந்தார். தோற்றத்தில் ஒன்றேயான இரண்டு துப்பாக்கிகளுக்கு இரண்டு வேறு சாதனங்கள் என்பதும், எது எதற்கு என்பதை உள்ளே இருக்கிற வெற்றிடம்தான் தீர்மானிக்கிறது என்பதும் எனக்கு அப்போது ஒரு பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. பதினெட்டு வயதில் எல்லாமே தத்துவமாகத்தான் படும்.

எங்கள் ஊரில் துடைக்காத இரும்பு ஒரு ராத்திரி தாங்காது. உப்பளத்துக் காற்று. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், இட்லிக் கொப்பரை எல்லாம் செதில் செதிலாக உதிரும் ஊர் இது. ஆனால் .303ஐத் துரு தின்றதற்குக் கடல் உப்பு மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியிலுள்ள கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. ஊசி தட்டியதும் அது எரிந்து மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஓர் உப்பு. அது குழலின் உள்சுவரில் படலமாகப் படிந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் போட்டால் போகாது. உப்பு எண்ணெயில் கரைவதில்லை. எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டு உப்பு தன் வேலையைச் செய்யும், மேலே பார்க்கப் பளபளப்பாக இருக்கும். அதனால் சுட்ட அன்றே புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டும். தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும்; குழல் சூடாகிவிடுவதால் மிச்ச ஈரமும் தானே உலர்ந்துவிடும்; பிறகு சிந்தி, அதற்குப் பிறகுதான் எண்ணெய். இரும்பைத் தண்ணீர்விட்டுக் காப்பாற்றுவது என்பது முதலில் கேட்கத் தலைகீழாக இருந்தது. உப்பு விளைகிற ஊரில், கடலிலிருந்து வராத ஓர் உப்பை, குடிதண்ணீர் வைத்துக் கழுவினோம்.

இனி கம்பி. அக்கா மகளிடம் நான் சொன்னதன் சாரம் இதுதான்.

முதலாவது, கம்பியின் பருமன் குழலின் பருமனை ஒட்டி இருக்க வேண்டும். முட்டவும் கூடாது, வெகுவாக ஒதுங்கவும் கூடாது. .30 வகைக்கான கம்பி .22க்குள் நுழையவே நுழையாது. அது தொல்லையில்லை, நுழையாததால் கெடுதலும் இல்லை. கெடுதல் மறுபக்கத்தில் இருக்கிறது. .22க்கான ஐந்து மில்லிமீட்டர்க் கம்பி .303க்குள் சுகமாக நுழையும். நுழைகிறதே என்று அதன் நுனியில் பெரிய பிரஷை மாட்டித் தள்ளினால், பிரஷ் இறுக்கமாக இருப்பதால், பின்னாலுள்ள மெல்லிய கம்பி வில்லாக வளையும். வளைந்த வயிறு குழலின் சுழல் வரிகளில் ஒவ்வொரு தள்ளலுக்கும் உரசும். எல்லாவற்றுக்கும் பொருந்துவதாகச் சொல்லப்படுகிற கம்பி எப்போதும் இருப்பதிலேயே சின்ன ஓட்டைக்காகச் செய்யப்பட்டதாகத்தான் இருக்க முடியும். அதனால் பெரியவை எல்லாவற்றுக்கும் அது பலவீனமானது.

இரண்டாவது, எண்கள் வேறாக இருப்பதாலேயே ஓட்டைகள் வேறாகிவிடுவதில்லை. .303ஐ மில்லிமீட்டரில் சொன்னால் 7.7. ஆகவே 7.62ம் .303ம் கம்பியைப் பொறுத்தவரை ஒரே குடும்பம். எட்டு மில்லிமீட்டரான .315ம் அந்த வீட்டுக்கு வரலாம். 5.56ம் .22ம் இன்னொரு குடும்பம். ஒன்று இராணுவத்துக்கு, ஒன்று பள்ளிப் பையனுக்கு, ஆனால் ஓட்டை ஏறக்குறைய ஒன்று. .177 தனி. 410ம் 12ம் வரிகளே இல்லாத வழுக்கைக் குழல்கள். அவற்றுக்கு மரக்கம்பியே போதும். எத்தனை எண்கள் இருந்தாலும், மூன்று நான்கு கம்பிகளில் உலகம் அடங்கிவிடும். ஒன்றில் அடங்காது.

மூன்றாவது, உலோகம். அலுமினியம் மெத்தென்று இருப்பதால் நல்லது என்று நினைப்பார்கள். மெத்தென்ற உலோகத்தில் மணல் துகள் பதிந்துகொள்ளும். பதிந்தபின் அது கம்பியில்லை, அரம். பித்தளைக்கும் ஓரளவு இந்தக் குணம் உண்டு, அதோடு வளையும். நல்ல எஃகு, ஒரே துண்டு, மேலே வழவழப்பான பூச்சு - இது சிறந்தது. கார்பன் நாரில் செய்ததும் வருகிறது, வளைந்தாலும் நிமிர்ந்துகொள்கிறது. எதுவானாலும் ஒவ்வொரு முறையும் உள்ளே விடுமுன் கம்பியையே ஒரு துணியால் துடைக்க வேண்டும். துடைக்கிற சாதனத்தைத் துடைக்காதவன் அழுக்கை இடம் மாற்றுகிறான். துண்டுகளாக வரும் கம்பியில் இணைப்புக்கு இணைப்பு ஒரு விளிம்பு. அந்த விளிம்புகள் வரிகளை மோதும்.

நான்காவது, பிடியில் உருளை இருக்க வேண்டும். சுழல் வரிகளுக்குள் துணி போகும்போது வரிகள் அதைத் திருப்பும். கம்பி கூடவே திரும்ப இடம் கொடுக்க வேண்டும். லீ-என்ஃபீல்டில் ஐந்து வரிகள், இடப்பக்கமாகத் திருகும். கம்பி திரும்பாவிட்டால் துணி வரிகளின் மேடுகளைத் தாண்டித் தாண்டிப் போகும், பள்ளங்களில் கரி அப்படியே நிற்கும். நாம் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று யோசிக்கத் தேவையில்லை. நேராகத் தள்ளினால் போதும், திருப்புவதைக் குழல் பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாவது, எப்போதும் பின்பக்கத்திலிருந்து விட வேண்டும், குண்டு போகிற திசையில். வாய்ப்பக்கமிருந்து விட்டால் கம்பி வாயின் விளிம்பைத் தேய்க்கும்; குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் பிரிகிற இடம் அது, அங்கே மயிரிழை தேய்ந்தாலும் குறி தவறும். ஏர் ரைஃபிளுக்குக் கம்பி வேண்டவே வேண்டாம். கம்பளி உருண்டைகளோ மெல்லிய கயிறோ போதும். .22க்கும் அளவுக்கு மீறித் துடைப்பது ஆகாது. அதன் ஈயக் குண்டு மெழுகு பூசிக்கொண்டு வருகிறது, கேப்பில் இப்போது அந்த உப்பு இல்லை. சுட்டுச் சுட்டுக் கெட்ட குழல்களைவிடத் துடைத்துத் துடைத்துக் கெட்ட குழல்கள் அதிகம் என்று சுடுகிறவர்கள் சொல்வார்கள்.

அவளிடம் பேச்சு இத்தோடு முடிந்தது. இரண்டு வகைக்கும் தனித்தனியாக வாங்கிக்கொண்டாள்.

பிறகு எனக்குத் தோன்றிய முதல் விஷயம் இலக்கியம் சம்பந்தப்பட்டதுதான் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தப் பக்கங்களில் எழுதுகிறவனுக்குப் புத்தி அங்கேதான் போகும். கம்பியும் கோல்தான், அளவுகோலும் கோல்தான். 1959ல் செல்லப்பா 'எழுத்து'வை ஆரம்பித்ததிலிருந்து நாம் சண்டை போட்டதெல்லாம் எந்தக் கோல் என்பது பற்றியே. 1968ல் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' வந்தபோது இந்தப் பக்கத்தில் எழுந்த ஆட்சேபம், சமூக வளர்ச்சி என்கிற ஒரே கம்பியால் எல்லா நாவல்களையும் குத்துகிறார் என்பது. ஆட்சேபம் சரிதான். ஆனால் ஆட்சேபித்தவர்கள் கையில் 'கலை அனுபவம்' என்று ஒரு கம்பி இருந்தது, அதுவும் ஒன்றேதான் இருந்தது. அது கவிதைக்குள் நன்றாக இறங்கியது. நூறு வருஷச் சரித்திரத்தைச் சுமந்த பருமனான நாவலுக்குள் விட்டால் வளைந்தது; வளைந்ததை நாவலின் கோணல் என்று எழுதினார்கள். ஒரு கம்பி உள்ளே நுழைகிறது என்பதாலேயே அது அந்தக் குழலுக்கானது ஆகிவிடாது என்பதை இரண்டு தரப்பும் கவனிக்கவில்லை. இதை ஒரு சமரசப் பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாக் கம்பியும் சரி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு குழலுக்கும் சரியான கம்பி உண்டு, தவறான கம்பிகள் பல உண்டு, எது என்று தெரிந்துகொள்ளக் குழலைப் பார்த்தாக வேண்டும் என்கிறேன்.

ஆனால் இந்த உவமை ஓரளவுக்கு மேல் போகாது; துப்பாக்கி உவமைக்காகச் செய்யப்பட்ட பொருள் இல்லை. எங்கள் கோத்திலிருந்த அந்த ஒரே உடம்பை எடுத்துக்கொள்ளலாம். கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரில் உள்ள துப்பாக்கித் தொழிற்சாலை அந்த உடம்பை .303ஆகச் செய்தது. 1960களில் அதே உடம்பை 7.62ஆகச் செய்தது. அதற்கு முன்பே அதன் வரிகளைக் கடைந்து எடுத்துவிட்டு, தோட்டாப் பெட்டியை அடைத்து, ஒரு நேரத்துக்கு ஒரு தோட்டா மட்டும் போடக்கூடிய .410 மஸ்கெட்டாகவும் செய்தது - போலீஸுக்கும் சிறைக் காவலர்களுக்கும். 1857க்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு இந்தியச் சிப்பாய் கையிலேயே நல்ல துப்பாக்கி தர யோசனை. கான்ஸ்டபிள் எந்த மூலைக்கு? தூரம் போகாத, குறி நிற்காத, ஒரு தரம் சுட்டால் மறுபடி கெட்டிக்க வேண்டிய ஆயுதம் அவனுக்கு. பார்ப்பவர்களுக்கு அது .303 மாதிரியே இருக்கும். பயமுறுத்த அது போதும். யார் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பதை ஓட்டையின் அளவில் எழுதி வைத்தார்கள்.

குடிமக்களுக்கு இன்னொரு கணக்கு. .303 குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்ட போர். அதனால்தான் .315 என்று ஓர் அளவு இந்த நாட்டில் பிழைத்திருக்கிறது. இராணுவத் தோட்டா அதில் பொருந்தாது, ஆகவே வைத்துக்கொள்ளலாம். 1799ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801ல் பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கி, பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்த காலத்திலிருந்து இந்தச் சீமையில் துப்பாக்கி என்பது மற்றவர் கையில் இருக்கிற பொருள். 1878ல் ஆயுதச் சட்டம் வந்து அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. 1908 மார்ச் 13ந் தேதி, வ.உ.சி.யைக் கைது செய்ததை ஒட்டித் திருநெல்வேலியில் எழுந்த கலவரத்தில் போலீஸ் சுட்டு நான்கு பேர் செத்தார்கள். 1911 ஜூன் 17ந் தேதி மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது மட்டும் எதிர்த்திசையில் போன குண்டு. அதைப் பற்றி நூறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். மற்றத் திசையில் போனவற்றைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை.

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீஸை நோக்கிப் போன ஜனங்கள் மேல் சுட்டார்கள். அன்றும் மறுநாளுமாகச் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். மஞ்சள் பனியன் போட்ட ஒருவர் வண்டிக் கூரை மேல் ஏறிப் படுத்து நீளத் துப்பாக்கியால் குறி பார்த்த படத்தை எல்லாரும் பார்த்தோம். அந்த வருஷம் டிசம்பரில் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளின் விவரம் செய்தியாக வந்தது: 13ல் 12 பேருக்குத் தலையிலோ நெஞ்சிலோ பாய்ந்த குண்டு, அவர்களில் பாதிப் பேருக்கு அது பின்பக்கமிருந்து போனது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் இறுதி அறிக்கையைத் தந்தது. அக்டோபரில் சட்டமன்றத்தில் வைத்தார்கள். ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவிடங்களிலிருந்து சுட்டதாக அதில் இருக்கிறது. 17 போலீஸ் அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரையும் இருக்கிறது.

அந்த வாரம் ஊரில் இன்டர்நெட் இல்லை. கடைகள் இல்லை. நான் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எதை எதையோ நினைத்தேன். அதில் திரும்பத் திரும்ப வந்த ஒன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அந்தத் துப்பாக்கிகளை யார் துடைத்தார்கள் என்பதுதான். சுட்ட துப்பாக்கியை அன்றே துடைக்க வேண்டும். எனக்குச் சொல்லித்தந்த முதல் விதி அது. எங்கேயோ ஓர் அறையில், குழல் விளக்கு வெளிச்சத்தில், யாரோ ஒருவர் போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமிருந்து கம்பியை விட்டிருப்பார். முதல் சிந்தி கறுப்பாக வந்திருக்கும், இரண்டாவது சாம்பல் நிறத்தில், ஐந்தாவதோ ஆறாவதோ வெள்ளையாக. பிறகு குழலை விளக்குக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்திருப்பார். சுத்தமான குழலுக்குள் பார்ப்பது அழகான அனுபவம். வரிகள் வெளிச்சத்தைச் சுற்றிக்கொண்டு போகும். எனக்குப் பதினெட்டு வயதில் அது பிடித்திருந்தது. அந்த ராத்திரியும் அது அப்படித்தான் தெரிந்திருக்கும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போலீஸில் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவரை எனக்குத் தெரியும், வெளியூர்க்காரர். ஒரு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது கேட்டேன், 'அண்ணாச்சி, அன்னைக்கு ராத்திரி தொடைச்சவங்களுக்கு என்னமும் தோணியிருக்குமா?' அவர் நான் ஏதோ சட்டப் பிரச்னை கேட்பதாக எடுத்துக்கொண்டார். குழலின் வரிகள் குண்டின் மேல் பதியும், அதைத் துடைத்து அழித்துவிட முடியாது, எந்தத் துப்பாக்கியிலிருந்து எந்தக் குண்டு என்று நிபுணர்களால் சொல்ல முடியும் என்று பொறுமையாக விளக்கினார். நான் கேட்டது அது இல்லை என்றேன். கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'தொடைக்காம விட்டா மட்டும் என்ன ஆவும் தம்பி? குழல்தான் கெடும்' என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு அது போதவில்லை. துடைக்கிறவனுக்குக் குழலோடு மட்டும்தான் உறவு. அதன் வழியே போனதோடு இல்லை, அது போய்ச் சேர்ந்த இடத்தோடும் இல்லை. அந்த உறவு உண்மையானது, கவனமானது, ஒழுக்கமானது. நானே அதைப் பழகியிருக்கிறேன். ஐந்து விதி சொன்னேனே, அவற்றில் ஒன்றாவது எதைச் சுடுவது என்பதைப் பற்றி இல்லை. இருக்கவும் முடியாது. சாதனத்தைப் பேணுகிற ஒழுக்கம் அங்கே வந்து நின்றுவிடுகிறது.

எழுதுகிறவர்கள் இதை எட்டி நின்று பார்க்க முடியாது. நாமும் ஒரு சாதனத்தைப் பேணுகிறவர்கள். மொழியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது நம் வேலை என்று நாற்பது ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொள்கிறோம். மிகை இல்லாமல், உணர்ச்சி வழியாமல், தேவையற்ற சொல் ஒன்று இல்லாமல். மே 23ந் தேதிப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால் மொழி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பது தெரியும். 'துப்பாக்கிச் சூடு நடந்தது.' மழை நடந்தது, திருவிழா நடந்தது என்பதுபோல. 'நடத்தப்பட்டது' என்று எழுதியவர்களும் யாரால் என்று எழுதவில்லை. 'பலியானார்கள்.' பலி கொடுக்க ஒருவனும் வாங்க ஒரு தெய்வமும் இருந்தாக வேண்டிய சொல். இரண்டு பேரையும் துடைத்துவிட்டுச் சொல்லை மட்டும் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். செயப்பாட்டு வினை நல்ல எஃகுக் கம்பி. பின்பக்கமிருந்து போய் வாய் வழியே வரும்போது கறுப்பு முழுதும் அதோடு வந்துவிடுகிறது. வாக்கியத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

நம் கவிதைகளும் அதிகம் வேறுபடவில்லை. அந்த வருஷம் வந்தவற்றில் ரத்தத்துக்குச் சிவப்பு என்றும், கடலுக்குச் சாட்சி என்றும், தாமிரத்துக்கு நஞ்சு என்றும் பெயர் சூட்டப்பட்டது. கடல் எதற்கும் சாட்சி சொன்னதில்லை. தூத்துக்குடிப் பார்களில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதையும்கூடக் கடல் சொல்லவில்லை, மீன்வளத்துறைதான் சொன்னது. எனக்கு வேண்டியிருந்தது, சுட்டான் என்கிற சாதாரணச் செய்வினையில் ஒரு வாக்கியம். எழுவாயோடு. அதை எழுதியது ஓர் ஆணையத்தின் அறிக்கை. அரசாங்க நடையில், சுவாரஸ்யமில்லாமல், பத்தி எண்களோடு, இன்னார் இந்த இடத்தில் நின்று இத்தனை ரவுண்டு சுட்டார் என்று. இலக்கியத்துக்கு வெளியே இருந்து அது வந்தது என்பதை நாம் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கம்பியைப் பற்றி ஆரம்பித்ததற்குக் கம்பியைப் பற்றியே ஒன்று சொல்லி முடிக்கலாம். வாங்கும்போது கடைக்காரர் எந்தத் துப்பாக்கி என்று கேட்பார். எந்தப் போர் என்று கேட்பார். நீளம் கேட்பார், மரை எந்த வகை என்று கேட்பார். எதைச் சுட என்று கேட்கமாட்டார். கம்பிக்கு அது தேவையில்லை. அக்கா மகளுக்குப் பதில் எளிது: ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு காகிதம். அவள் .22க்கு ஒரே துண்டில் எஃகுக் கம்பி வாங்கியிருக்கிறாள். சுவரில் இரண்டு ஆணி அடித்துப் படுக்கை வாட்டமாக மாட்டச் சொல்லியிருக்கிறேன். உப்புக் காற்றில் கம்பியும் துருப்பிடிக்கும். அதற்கும் வாரம் ஒரு தரம் எண்ணெய் தொட்ட துணி வேண்டும்.